வைத்தியரின் பலம்

மலேசியாவின் கூலிம் நகர டயாலிசிஸ் நிலையத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒல்லியான மனிதர். வலக்கையில் ஊசி இருக்கும். இடக்கையால் லேப்டாப்பில், முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஒரு எண்ணை மாற்றுவார், இரண்டு பக்கமும் தானே ஆடிப் பார்ப்பார், மறுபடி மாற்றுவார்.

ஒருநாள், படைவீரர்களின் காயம் ஆற்றும் வைத்தியரின் பலத்தை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைத்தார்.

“ஏண்ணே இவ்ளோ கொறைக்கிறீங்க?”

“கூட வெச்சா யாரும் சாக மாட்டேங்கிறாங்க தம்பி. கேம் முடியவே மாட்டேங்குது லா.”

நான் தலையாட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆடிப் பார்க்கச் சொல்லி விளையாட்டை எனக்கு அனுப்பினார். திங்களன்று அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். நர்ஸிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். வைத்தியரின் பலம் மறுபடியும் ஒன்பது.