ரிப்பேர் செய்தது யார்?

மூன்று வாரங்களுக்கு முன்பு இந்தப் பத்தியில் கொள்ளிடம் ஸ்ரீரங்கத்துக்குத் தெற்கே ஓடிவிட்டது. ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் ரொம்ப சந்தோஷம்.

தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம் - இது எங்கள் ஊர் எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக இங்கே குடியிருந்து, காவிரிப் பாலத்தைத் தினமும் தாண்டிக் கல்லூரிக்குப் போய் இங்கிலீஷ் பாடம் நடத்தியவளுக்குத் தெரியாதா? வாசகர்கள் விடவில்லை. 'மேடம், வீடு மாறிட்டீங்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அடுத்த வாரமே கீழே ஒரு வரி போட்டேன். 'சென்ற வாரப் பத்தியில் பிழை நேர்ந்துவிட்டது. வருந்துகிறோம்.' கௌரவமான வரி. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்...

செல்வராசு முடிய விடவில்லை.

செல்வராசு யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூர் பக்கம் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் மெயின்டனன்ஸ் பிரிவு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கிரேன், பம்ப், மோட்டார் - எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் சூப்பர்வைசர் பதவி மட்டும் அவரைக் கூப்பிடவே இல்லை. இரண்டு தடவை இன்டர்வியூவுக்குப் போய், இரண்டு தடவையும் இங்கிலீஷில் விழுந்து எழுந்து வந்தவர்.

"இந்தத் தடவை விட்டா வயசு தாண்டிடும் மேடம். அப்புறம் கேக்கவே முடியாது" என்றார், முதல் நாள் வந்தபோது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டு ஹாலில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வருவார். ஒரு நாள்கூட லேட் கிடையாது.

இன்டர்வியூவுக்கு முந்தின ஞாயிறு ஒரு ஒத்திகை வைத்தேன். நான்தான் மேனேஜர். மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டேன்.

"போன வருஷம் நீங்க சமாளிச்ச பெரிய பிரச்சினை ஒண்ணு சொல்லுங்க. இங்கிலீஷ்ல."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "தி கிரேன் ஹேட் பீன் ரிப்பேர்டு பிஃபோர் தி லாரி கேம்."

லாரி வருவதற்கு முன்பே கிரேன் சரிசெய்யப்பட்டிருந்தது. பாஸ்ட் பெர்ஃபெக்ட் பாஸிவ்! பட்டம் வாங்கியவர்களே தடுமாறும் இடம். ஒரு சின்னக் குற்றம் சொல்ல முடியாது.

"யார் ரிப்பேர் பண்ணாங்க?"

"இட் ஹேட் பீன் டன், மேடம்."

"அதான்... யாரு?"

செல்வராசு அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். 

இந்த வாக்கிய அமைப்பில் இதுதான் வசதி. நடந்துபோன இரண்டு விஷயங்களில் எது முதலில் முடிந்தது என்று துல்லியமாகச் சொல்லிவிடும். முதலில் கிரேன், பிறகு லாரி. ஆனால் கிரேனில் கை வைத்தது யார் என்று சொல்லவேண்டிய கட்டாயம் கிடையாது. ஆபீஸ்களுக்கு இது உயிர். 'கோப்பு இடம் மாற்றி வைக்கப்பட்டிருந்தது.' யார் வைத்தார்கள்? சத்தமே வராது.

ஆபீஸை மட்டும் சொல்வானேன்? என் வீட்டுக்காரர் கையால் இதுவரை ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடைந்ததில்லை. 'டம்ளர் உடைஞ்சிருந்தது' என்றுதான் தகவல் வரும். ஏழெட்டு டம்ளர்கள் எங்கள் வீட்டில் தானாகவே உயிரை விட்டிருக்கின்றன.

அந்தக் கிரேனோடு பதினாலு மணி நேரம் மல்லுக்கட்டியதை முன்பே சொல்லியிருந்த செல்வராசுவுக்கு வேறு வழி காட்டினேன். "ஐ ஹேட் பீன் ஒர்க்கிங்னு ஆரம்பிங்க. லாரி வந்து நின்னப்போ நான் பதினாலு மணி நேரமா வேலை பாத்துக்கிட்டிருந்தேன்னு அர்த்தம். இதுல ஆளும் தெரியும், பட்ட பாடும் தெரியும்." இதுதான் பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். ஒளிந்துகொள்ள இடமே தராது. 'இரண்டையும் கலந்தா?' என்று கேட்பீர்கள். 'ஹேட் பீன் பீயிங் ரிப்பேர்டு' என்று வரும். அதை இங்கிலீஷ்காரர்களே வாயில் போட்டுக்கொள்ள யோசிப்பார்கள். நமக்கு எதற்கு?

செல்வராசு தலையை ஆட்டினார் - வேண்டாம் என்று!

"நான்னு சொல்ல வராது மேடம். எங்க செக்‌ஷன் ரெஜிஸ்டர்ல நாங்க நாலு பேருமே பேரு எழுத மாட்டோம். பம்ப் ஹேட் பீன் ரிப்பேர்டு, ஆயில் ஹேட் பீன் சேஞ்ச்டு... அம்புட்டுதான். நாங்களா பேசி வச்சுக்கிட்டது."

"ஏன் அப்படி?"

"இன்னிக்கு சரி பண்ணது நாளைக்கு மறுபடி நின்னுபோச்சுன்னா மெமோ வரும். பேரு இருந்தா அந்தப் பேருக்குத்தான் வரும். பேரே இல்லேன்னா யாருக்குங்க அனுப்புவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கலக்கமும் வந்தது. நாலு பேர் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு. அது இப்போது இவரையே காணாமல் அடித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷ ரெஜிஸ்டரைப் புரட்டினால், அந்த மெஷின்கள் எல்லாம் தங்களைத் தாங்களே பழுதுபார்த்துக்கொண்டது போலத்தான் இருக்கும்!

"பயந்துக்கிட்டு பேரை மறைச்சா பதவி எப்படிங்க வரும்?" என்றேன், டீச்சர் தோரணையில்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு விட்டார் ஒரு போடு.

"நீங்க மட்டும் என்னவாம் மேடம்? 'பிழை நேர்ந்துவிட்டது'ன்னு போட்டிருந்தீங்க. அது எங்கேருந்து வந்து நேர்ந்துச்சு? 'வருந்துகிறோம்'னு வேற. எத்தனை பேரு உக்காந்து வருந்துனீங்க?"

நான் எழுந்து காபி போடப் போய்விட்டேன். வேறு என்ன செய்ய?

புதன்கிழமை இன்டர்வியூ. எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. சரி, மூன்றாவது தடவையும் போச்சு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நாமாகப் போன் போட்டுக் கேட்கவும் மனசு வரவில்லை.

போன ஞாயிறு காலை, வழக்கமான நேரத்துக்கு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். "இருங்க மேடம், மொதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்" என்று உட்கார்ந்தார்.

அதே கேள்வியைத்தான் புது மேனேஜர் கேட்டிருக்கிறார். இவரும் பழக்கதோஷத்தில் "தி கிரேன் ஹேட் பீன்..." என்று ஆரம்பித்திருக்கிறார். "பை ஹூம்?" என்று குறுக்கே ஒரு கேள்வி. 

"அப்புறம்?"

"ஐ சார்னுட்டேன். ஐ ஹேட் பீன் ஒர்க்கிங் ஃபோர்டீன் அவர்ஸ். ஆனா அதோட நிறுத்த மனசு வரலை மேடம். பாஷா ஆல்சோ சார், ஸ்டீபன் ஆல்சோ சார், முருகேசன் ஆல்சோ சார்னு மூணு பேரையும் சொல்லிட்டேன்."

மேனேஜர் மேஜைமேல் இருந்த ரெஜிஸ்டரைத் திறந்து காட்டியிருக்கிறார். அப்படியென்றால் இதில் ஏன் ஒரு பெயர்கூட இல்லை?

 உண்மையைச் சொன்னால் இவரோடு மற்ற மூன்று பேரும் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால் பொய்.

"சொல்லிட்டேன் மேடம். மெமோவுக்கு பயந்துதான் எழுதறதில்லேன்னு. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அவரு ரெஜிஸ்டரை மூடிட்டு, யூ கேன் கோன்னுட்டாரு. எல்லாரையும் மாட்டி விட்டுட்டோமேன்னு ரெண்டு நாள் சோறே எறங்கலை. உங்களுக்கு போன் பண்ணவும் தைரியம் வரலை."

வெள்ளிக்கிழமை கடிதம் வந்திருக்கிறது. செல்வராசு இப்போது மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்!

சத்தமாகக் கைதட்டிவிட்டேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் என்ன உடைந்தது என்று கேட்டார்.

"சனிக்கிழமையே சார்ஜ் எடுத்துட்டேன். பசங்களை நிக்க வச்சு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் மேடம். இனிமே யாரு ரிப்பேர் பண்ணாலும் ரெஜிஸ்டர்ல பேரு போடுங்க. மெமோ வந்தா என் பேருக்கு வரட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெயரை எழுதச் சொல்லி மிரட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழி வந்தால் என் பெயருக்கு வரட்டும் என்று முன்னால் வந்து நிற்கிற ஆளை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்?

கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"மேடம்... அந்தக் கொள்ளிடம்..."

"போயிட்டு வாங்க செல்வராசு" என்றேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். கொள்ளிடத்தைத் தெற்கே தள்ளியது நான்தான். தனியாகத்தான் வருந்துகிறேன்.