டெம்ப் என்று பெயர் வைத்த படம்

கண்டியில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். 'டெம்ப்' என்று தொடங்கும் தற்காலிகக் கோப்புகள், பிரதி எடுத்து வைக்கும் பேக்கப் டேப்பில் ஏறக் கூடாது என்று விதி வைத்தவனே நான்தான். ஒருநாள் மடுல்கெல்லயிலிருந்து ஓர் அம்மா, அடையாள அட்டைப் படத்துக்காக மகளைக் கூட்டி வந்தார். கடையில் கூட்டம். பெயர்கூடக் கேட்காமல் 'டெம்ப்1' என்று சேமித்தேன், மாற்ற மறந்தேன். ஹார்ட் டிஸ்க் பழுதானபோது டேப்பிலிருந்து எல்லாப் படங்களும் மீண்டன, அதைத் தவிர.

பிறகு அந்த அம்மா தனியாக வந்தார். "புள்ள காய்ச்சல்ல போயிட்டா தம்பி. படமெல்லாம் விண்ணப்பத்தோட அனுப்பிட்டோம். ஒன்னு பெருசா போட்டுத் தாங்க."

கம்ப்யூட்டர் பழுதாகிப் படம் அழிந்துவிட்டது என்றேன்.

"மிசின் கெட்டா நீங்க என்னங்க செய்வீங்க" என்று என்னைத் தேற்றினார். பழி மிசின் மேல் விழுந்ததை நான் மறுக்கவில்லை.

இன்றும் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கை நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளையின் பெயரை, அம்மா தனியாக வந்த அன்றும் நான் கேட்கவில்லை.