அரைமணி என்று பெயர் வைத்தவன்

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பழிவாங்கத் தெரிந்தவள் ஒருத்திதான், என் அண்ணன் மகள். தன்னைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள ஒரு ஆளை, வேலை செய்யும் இடத்திலேயே தரையில் கிடத்தி, நூறு பேர் பார்க்க, அரைமணி நேரம் அசையவிடாமல் வைத்திருந்தவள். நூறு பேர் என்பது என் கைச்சரக்கு, முப்பத்தாறு பேர்தான். எடையிலும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி. சந்தேகமிருந்தால் அவளையே கேட்கலாம். இதோ, பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் திரைகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பின்கட்டில் ஊறவைக்கும் தொட்டிகள். முன்னால் துவைக்கும் எந்திரங்கள், உலர்த்தும் டிரம்கள், சூடான உருளை, அதிலிருந்து வரும் விரிப்பை வாங்கி மடிக்க ஒரு நீள மேசை. அந்த மேசைதான் அவள் இடம். அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் விரலை வைத்தால் ரத்தம் வரும் என்பார்கள். அவளுக்கு அங்கே பெயரே மடிப்பு.

சில சமயம் மடித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவாள். துணியின் முனை கையில் இருக்கும், பார்வை எங்கோ இருக்கும். பத்து எண்ணுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள்.

"என்ன மடிப்பு, எந்த ஊருக்குப் போயிட்டு வந்த? அங்கயும் துணி மடிக்க விடுறாங்களா?" என்பாள் டிரம் அக்கா. டிரம்களைப் பார்த்துக்கொள்பவள் அவள். மடிப்புக்குப் பத்து வயது மூத்தவள். எல்லோரும் சிரிப்பார்கள், மடிப்பும் சிரிப்பாள். வலிப்பு என்றால் கைகால் உதற வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும் என்றே அங்கே எல்லோரும் நினைத்திருந்தார்கள். இப்படிச் சும்மா நின்றுவிடுவதும் அதுதான் என்று யாருக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை, எந்தத் துணியும் கருகாமலே அவளுக்குக் கருகல் வாடை அடித்தது. அவளுக்கு நினைவிருப்பது அவ்வளவுதான். அடுத்து நினைவிருப்பது டிரம் அக்காவின் மடியும், வாய் நிறைய ரத்தமும். நடுவில் நடந்ததை முப்பத்தாறு பேர் முப்பத்தாறு விதமாகச் சொன்னார்கள். தன் வாழ்க்கையின் பெரிய சம்பவத்துக்கு அவள் ஒருத்திதான் சாட்சி இல்லை.

நடந்தது இது. அவள் விழுந்ததும் சூப்பர்வைசர் ஓடி வந்தான். நாக்கை விழுங்கிவிடுவாள் என்று கத்திக்கொண்டே தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த எவர்சில்வர் கரண்டியை எடுத்து, இறுகிக் கிடந்த அவள் பற்களுக்கு நடுவே வைத்து நெம்பினான். மேல்வரிசை முன்பல் பாதி ஒடிந்து தெறித்தது. வலிப்பு தானாக நின்றது. கரண்டியால்தான் நின்றது என்று அவன் சொன்னான். நாலு பேர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே முதலாளியம்மாவுக்கு அவன் எழுதிக் கொடுத்தான்: 'அரைமணி நேரம் வலிப்பு. வேலை முழுக்க நின்றது. நான் உயிரைக் காப்பாற்றினேன்.' மறுநாள் மடிப்பு வந்தபோது மேசையில் வேறொருத்தி நின்றாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா," என்றான். "பின்கட்டுத் தொட்டிப் பக்கம் போ. அங்க யாரும் இல்ல, தொந்தரவு இல்ல. நீ விழுந்தாலும் வேலை நிக்காது."

அதோடு விட்டானா? ஆஜர் எடுக்கும்போது அவள் பெயருக்குப் பதிலாக, "அரைமணி வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. மடிப்பு செத்துப்போனாள், அரைமணி பின்கட்டில் தனியாக நின்று அழுக்குத் திரைகளைக் கழியால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

தரையைக் கூட்டும்போது கிடைத்த பல் துண்டை டிரம் அக்கா காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "தூக்கிப் போடவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும்க்கா. இதுக்கு ஒரு வேலை இருக்கு," என்று மடிப்பு அதை ஊக்கு டப்பாவில் போட்டு மூடினாள்.

வலிப்பு நோய்க்கென்று இருந்த ஆஸ்பத்திரிப் பிரிவில் அவள் தலை முழுக்க ஒயர் ஒட்டி, மூளையின் ஓட்டத்தைக் கோடு கோடாக வரைந்து எடுத்தார்கள். டாக்டர் மாத்திரை எழுதினார். பாடம் நடத்தியது அங்கிருந்த நர்ஸ். கறாரான பொம்பளை, நோயாளி அழுதால் கைக்குட்டையை நீட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவாள்.

"நான் நாக்கை முழுங்கிட மாட்டேனா சிஸ்டர்?"

"அது என்ன மாத்திரையா, முழுங்குறதுக்கு? அடியில கட்டிப் போட்டிருக்கும்மா. வாயில எதுவும் வைக்கக் கூடாது. கரண்டி, சாவி, விரல், தண்ணி, எதுவும். பக்கத்துல இருக்கற சாமானை நகர்த்தணும், தலைக்கு அடியில மெத்துனு ஏதாவது வைக்கணும், ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், கடிகாரத்தைப் பாக்கணும். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும். அவ்வளவுதான்."

"எனக்கு அரைமணி நேரம் வந்துச்சாமே."

"அரைமணி வந்திருந்தா நீ இங்க உக்காந்து என்கிட்ட கதை பேச மாட்ட. யாரு கடிகாரம் பாத்தது?"

மடிப்புக்கு அந்தக் கேள்வி பொறி தட்டியது. நேராக டிரம் அக்காவிடம் போனாள். அங்கே எல்லாக் கணக்கும், நிமிடங்களைக் குறைத்துக்கொண்டே வரும் டிரம்மின் முள்ளில்தான்; சாப்பிடப் போவதுகூட ஒரு டிரம் ஓடும் நேரத்துக்கு. அக்கா யோசித்துச் சொன்னாள்: "நான் முள்ளைப் பன்னெண்டுல திருப்பி வச்சேன், நீ தொப்புனு விழுந்த. உன் உதறல் நின்னப்போ திரும்பிப் பாத்தேன், முள்ளு பத்துக்கு மேலதான் நின்னுச்சு. ரெண்டு நிமிஷம்கூட இல்லடி. அப்புறம் நீ அசந்து தூங்கின. அந்தத் தூக்கத்தையும் சேத்து எழுதியிருக்கான் பாவி."

அதன் பிறகு வீட்டில் வலிப்பு வந்தபோதெல்லாம் அவள் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். மூன்று தடவையும் ஒரு நிமிடம் நாற்பது செகண்டை ஒட்டியே வந்தது. அவள் ஒரு நோட்டுப் போட்டாள். முன்பக்கத்திலிருந்து வலிப்பு: எந்த நாள், எவ்வளவு நேரம், மாத்திரை தவறியதா, தூக்கம் கெட்டதா. நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து சூப்பர்வைசர்: எந்த நாள் என்ன சொன்னான், யார் சிரித்தார்கள். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்து முன்பக்கம் மெதுவாக நகர்ந்தது. பின்பக்கம் ஓட்டமாக ஓடியது.

ஒரு நாள் நர்ஸ் நோட்டை வாங்கித் தலைகீழாகத் திறந்துவிட்டாள். நான்கு பக்கம் படித்தாள்.

"இந்த வியாதிக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா," என்றாள். பிறகு ஒரு வரியில் விரல் நின்றது. "தொட்டிப் பக்கமா? நீ தனியாவா நிக்கற?"

"ஆமா சிஸ்டர். இடுப்பளவு தண்ணி. என் நல்லதுக்குத்தான்னாரு."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். "அதுல குப்புற விழுந்தா ஒன்னே முக்கால் நிமிஷம் போதும். வலிப்பு உன்னைக் கொல்லாது, அந்த ஆளு கொன்னுடுவான். இன்னைக்கே சொல்லு, இனிமே தனியா நிக்க மாட்டேன்னு."

அன்றிலிருந்து டிரம் அக்கா அவளைத் தொட்டிப் பக்கம் தனியாக விடவில்லை. உயிருக்கு அது போதும். மேசைக்கும் பெயருக்கும் போதாது. உருளையில் ஒருத்திக்குக் கை சுட்டுக்கொண்ட சமயம் பார்த்து, மடிப்பு முதலாளியம்மாவுக்குக் கடிதம் எழுதினாள்: தீக்காயத்துக்கும் வலிப்புக்கும் முதலுதவி சொல்லித்தர ஒரு நர்ஸ் வருவார், ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். முதலாளியம்மா சரி என்றார். நோயாளியாகப் படுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நர்ஸ் கேட்டால் யார் முன்னால் வருவான் என்று மடிப்புக்குத் தெரியும். போட்டோ எடுக்கும்போது எட்டிக் குதித்து நடுவில் நிற்கிறவன் அவன்.

வந்தான். மடிக்கும் மேசைக்கு முன்னால், துடைத்து ஈரம் காயாத தரையில், இஸ்திரி போட்ட சட்டையோடு மல்லாந்தான். முப்பத்தாறு பேரும் சுற்றி நின்றார்கள். முதலாளியம்மா நாற்காலியில்.

நர்ஸ் சொல்லச் சொல்ல மடிப்பு செய்தாள். நாற்காலிகளை நகர்த்தினாள். ஒரு துவாலையை, விரலை வைத்தால் ரத்தம் வரும் ஓரத்தோடு மடித்து அவன் தலைக்கடியில் வைத்தாள். கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினாள். அவன் கண்ணுக்கு நேரே எழுபத்திரண்டு கால்கள்.

"முடிஞ்சுதா?" என்று தலையைத் தூக்கினான்.

"படுங்க சார். இன்னும் உங்களுக்கு வலிப்பு நிக்கல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுபடி எழப் பார்த்தான். "அசையாதீங்க சார், உங்க நல்லதுக்குத்தான்," என்றாள். அப்படியே கிடந்தான், அரைமணி நேரம். ஈரம் சட்டையில் ஏறியது. முதலில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். தரையில் கிடப்பவனுக்கு நேரம் எப்படி நகரும் என்று அவன் முகத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

அப்போது மடிப்பு இடுப்புப் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்தாள்.

"வாயைத் திறங்க சார்."

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். கரண்டி அவன் பல்லுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது.

"பயமா இருக்கா? உங்களுக்கு முழிப்பு இருக்கு, வாயை மூடிக்கிட்டீங்க. எனக்கு அன்னைக்கு முழிப்பு இல்ல." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இதைத்தான் செய்யக் கூடாது." ஊக்கு டப்பாவைத் திறந்து பல் துண்டை அவன் சட்டைப்பையில் போட்டாள். "செஞ்சா இது வரும்."

முதலாளியம்மா எழுந்து நின்றார். "இவளைத் தொட்டிக்கு அனுப்பினது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் தரையில் கிடந்தவனைப் பார்த்தார்கள்.

மறுநாள் மடிப்பு மேசைக்குத் திரும்பினாள். அவன் வேலை போகவில்லை. போகவும் அவள் விடவில்லை. "எனக்கு வலிப்பு வந்தா நேரம் பாத்து எழுதற பொறுப்பு சாருக்கே இருக்கட்டும்மா," என்று முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கினாள். இப்போது அவன் கழுத்தில் ஒரு கடிகாரம் தொங்குகிறது. இரண்டு தடவை அவள் விழுந்தபோது முழங்காலிட்டு, செகண்டு தவறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பல் டாக்டர் கட்டிக் கொடுத்த பொய்ப்பல்லை மற்றவர்களுக்கு எதிரே அவள் போட்டுக்கொள்கிறாள். அவன் பேச வரும்போது மட்டும் கழற்றிவிட்டு, ஓட்டை தெரிய அகலமாகச் சிரிக்கிறாள். மன்னித்தாயா என்று ஒரு தடவை கேட்டேன். "எதுக்கு?" என்றாள்.

'அரைமணி' என்ற பெயர் இப்போது அவனுடையது. தரையில் அரைமணி கிடந்தவன் அவன்தானே.

இவ்வளவையும் படித்துக் காட்டினேன். பொத்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லாம் சரி அத்தை. அரைமணி எங்கேர்ந்து வந்துச்சு? டிரம் அக்கா கடிகாரத்தைப் பாத்துச் சத்தமா சொன்னாங்க, ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. என்னோடது எவ்வளவோ அவ்வளவு. அதை அடிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க. பொய் நேரம் எழுதறது அவரு வேலை. நான் அவருக்கு ஒரு செகண்டுகூடக் கூட்டிக் குடுக்கல, குறைச்சும் குடுக்கல."