நனையாத கான்கிரீட்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. நள்ளிரவில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. பட்டப்பகலில், அயோவாவில், ஒரு நல்ல குடும்பத்து வீட்டு வாசலில் நடந்தது. என் சட்டை நனைந்தது. அது மட்டும் எனக்கு நிச்சயம்.

என் பெயர் டுவேன். ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனியில், புகார் வந்தால் போய்ப் பார்க்கிற வேலை. புதுத் தளம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் போனில் கத்துவார். நான் போய்க் காரணம் சொல்ல வேண்டும். தப்பு எங்கள் கலவை மேல் என்றால், உடைத்துவிட்டு எங்கள் செலவில் புதிதாகப் போட்டுத் தருவோம். தப்பு வீட்டுக்காரர் மேல் என்றால் அது அப்படியே கிடக்க வேண்டியதுதான். எத்தனையோ வருடமாக இதே பிழைப்பு. சிமெண்ட் அரித்து அரித்து என் விரல் நுனிகளில் உணர்ச்சியே கிடையாது. காபி சுடுகிறதா, ஆறிவிட்டதா என்று உதடுதான் சொல்ல வேண்டும். மனசும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகிப்போயிருந்தது. யார் கத்தினாலும் உறைக்காது, யார் அழுதாலும் உறைக்காது.

அக்டோபர் கடைசி. சோள அறுவடை முடிந்து ஊரெல்லாம் தூசி. மெர்ல் கூப்பிட்டிருந்தான். சர்ச் விருந்தில் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். மதியம் மூன்று மணிக்குப் போனேன்.

தெருவிலிருந்து கார் ஷெட் வரைக்கும் புதுக் கான்கிரீட் பாதை. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலம். போட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. நல்ல சாம்பல் நிறம். ஆனால் இடது பக்கம், சமையலறை ஜன்னலுக்கு நேராக, ஒரு இடம் மட்டும் நீளமாக வெளிறிக் கிடந்தது. சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது.

“பாத்தியா உங்க கம்பெனி லட்சணத்த?” என்றான் மெர்ல். “கல்யாணச் சட்டையில ப்ளீச்சக் கொட்டின மாதிரி இருக்கு.”

“ஆறதுக்கு முன்னாடி கார நிறுத்தினியா?”

“யோவ், என்னப் பாத்தா முட்டாளாட்டமா இருக்கு? ஒரு மாசமா தெருவுலதான் நிறுத்தறோம். எதிர்வீட்டுக்காரன் முறைக்கிற முறைப்புல என் டயரே உருகிடும் போல.”

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். கார் விஷயத்தில் பொய் சொல்லாத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே குனிந்தேன்.

கான்கிரீட் நிறம் மாற நாலைந்து காரணம் உண்டு. பிளாஸ்டிக் போட்டு மூடினால், சுருக்கம் விழுந்த இடமெல்லாம் திட்டு விழும். குளிருக்குப் பயந்து சீக்கிரம் இறுகுவதற்கு உப்புக் கலந்தால் கறுக்கும். கரணையை அளவுக்கு மீறித் தேய்த்தாலும் கறுக்கும். ஆனால் இந்தத் திட்டெல்லாம் மேகம் மாதிரி, கோணல்மாணலாகத்தான் வரும். இது நேர்க்கோட்டில் இருந்தது. மூலைகள் மட்டும் லேசாக வளைந்திருந்தன.

ஆணியை எடுத்துக் கீறிப் பார்த்தேன். சாம்பல் இடத்தில் ஆணி வழுக்கியது. வெளிறிய இடத்தில் மாவு மாதிரி பொடி வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடம் தண்ணீரே குடிக்கவில்லை. புதுக் கான்கிரீட்டை நாள் தவறாமல் நனைக்க வேண்டும். நனைக்காமல் விட்டால் மேல்தோல் காய்ந்து வெளிறிவிடும்.

“யாரு தண்ணி அடிச்சது?”

“நான்தான்.”

மெர்லின் மனைவி லவோன் கதவருகில் நின்றிருந்தாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடையில் விலைச் சீட்டைப் படிப்பது போலப் பேசினாள்.

“எல்லா இடத்துக்கும் அடிச்சீங்களா?”

“காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. எல்லா இடத்துக்கும் அடிச்சேன். அங்க மட்டும் தண்ணி விழல.”

“விழலன்னா?”

“விழல.”

மெர்ல் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனான். “அவ பேச்ச விடு. அது எங்க பையன் டெரெக் கார் நிறுத்தற இடம். மூணாம் வருஷம் மார்ச்ல, ஆத்துல வெள்ளம் வந்துச்சே, அப்போ கறிக் கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு கிளம்பினவன். வீட்டுக்கு வரல. அவனும் இல்ல, காரும் இல்ல. ஓடிட்டான். இவ இன்னும் ஜன்னல்ல நின்னுக்கிட்டே இருக்கா. நீ தப்பு உங்க மேலன்னு எழுதிக் குடு, உடைச்சிடலாம். இந்தத் தடவ ஒரு கார் அகலம் போதும். அந்தப் பக்கம் புல்லு போட்டுடறேன்.”

“அப்ப வந்தா எங்க நிறுத்துவான்?” என்றாள் லவோன்.

“வந்தா பாத்துக்கலாம்டி!” மெர்ல் தன் பிக்கப் வண்டியில் ஏறினான். “தீவனக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். அதுக்குள்ள எழுதி வைய்யா.”

அவன் போனதும் லவோன் எனக்குக் காபி கொண்டுவந்தாள்.

“தப்பு எங்க மேலன்னு எழுதிடுங்க, டுவேன்.”

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி மண்டி போட்டேன்.

அப்போதுதான் அந்தக் குழிகள் கண்ணில் பட்டன. நான்கு குழி. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், விரல் நகம் அளவு ஆழம். உள்ளே டயர் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. சரிதான், ஈரம் காய்வதற்குள் எவனோ காரை நிறுத்தியிருக்கிறான்.

ஆனால் கார் உள்ளே வந்த தடம் இல்லை. வெளியே போன தடமும் இல்லை. ஈரக் கான்கிரீட்டில் கார் ஏறினால் பாதை முழுக்க உழுதுவிடும். இங்கே நான்கு சக்கரம் நின்ற இடம் மட்டும்தான் இருந்தது. மேலே இருந்து மெதுவாக இறக்கி வைத்தது போல...

ஒரு குழியின் ஓரத்தில் சில்லு ஒன்று பெயர்ந்து போயிருந்தது. டயர் அதைக் கையோடு பிய்த்துக்கொண்டு போனது போல இருந்தது.

“நாலு பத்து வரைக்கும் இருங்க” என்றாள் லவோன். “அவன் ஷிப்ட் முடிஞ்சு வர்ற நேரம்.”

என் கைக்கடிகாரத்தில் மணி 4.06.

போயிருக்கலாம். காபி பாதி மிச்சம் இருந்தது. இருந்தேன்.

4.10.

காற்று நின்றது. எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது.

டிக்... டிக்... டிக்...

ஓடி வந்த எஞ்சின் ஆறும்போது வருகிற சத்தம். என் வண்டிதான் என்று திரும்பினேன். அது தெருவில், ஒரு மணி நேரமாக அணைந்து கிடந்தது.

டிக்... டிக்...

சத்தம் என் முன்னால் இருந்து வந்தது. வெற்று இடத்திலிருந்து.

லவோன் தோட்டத்து ரப்பர் குழாயை என் கையில் கொடுத்தாள். “அடிச்சுப் பாருங்க.”

அடித்தேன்.

வலது பக்கம் தண்ணீர் தரையில் விழுந்தது. சளப் சளப் என்று சாதாரணச் சத்தம்.

குழாயை இடது பக்கம் திருப்பினேன்.

தடதடதட... தகரக் கூரையில் மழை.

தண்ணீர் தரைக்குப் போகவில்லை. என் இடுப்பு உயரத்தில் நின்றது. அங்கிருந்து வழுக்கி வழிந்தது. நேர்க்கோட்டில் சொட்டியது. மூலைகளில் லேசாக வளைந்தது.

கோட்டுக்கு உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை.

தெறித்த தண்ணீர் என் சட்டையை நனைத்தது.

கையை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

குளிர்ந்தது.

என் விரலுக்கு... குளிர்ந்தது.

ஆற்றுச் சேறு நாறியது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக. நிதானமாக.

லவோன் குழாயை மூடினாள்.

“போதும். அஞ்சு நிமிஷம் கார்லயே கண்ண மூடிக்கிட்டு உக்காருவான். அவன எழுப்பாதீங்க.”

என் கால் தானாகப் பின்னால் போனது. வண்டிக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டினேன். பயமா என்று கேட்டால், பயம் பிறகுதான் வந்தது, வீட்டில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். அப்போது உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது. மரத்த கையால்தான் எழுதினேன்: ‘புதுத் தளத்தின் மேல் கார் நின்றிருக்கிறது. கம்பெனி பொறுப்பல்ல.’ அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

மெர்ல் என்னைக் கேட்காத கேள்வி இல்லை. “எங்கய்யா கார்? எந்தக் கார்?” என்று போனில் அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. சொந்தச் செலவில் உடைக்க அவனுக்கு வசதி இல்லை. தளம் அப்படியே கிடந்தது.

அடுத்த ஆகஸ்டில் மழையே இல்லை. ஆறு வற்றியது. பழைய படகுத் துறைக்குக் கீழே ஒரு காரின் கூரை தெரிந்தது. டெரெக் உள்ளே இருந்தான். பெல்ட் போட்டபடி இருந்தான்.

இரண்டு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை மேஜையில் வைத்தார்.

“நாலு டயர் வரியிலயும் இது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. சிமெண்ட் மாதிரி இருக்கு. உங்களுதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

நகத்தளவு கான்கிரீட் சில்லுகள். சாம்பலுக்கு நடுவே சிவப்பு மணல். அந்தச் சிவப்பு மணலை நாங்கள் வாங்க ஆரம்பித்தே ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

“கார் எப்ப ஆத்துக்குள்ள போச்சு?” என்று கேட்டேன்.

“அந்த வெள்ளத்துலதான். அதுல சந்தேகமே இல்ல. கதவு வரைக்கும் மணல் ஏறி இறுகிப் போயிருந்துச்சு. இழுத்து எடுக்கவே அரை நாளாச்சு. விழுந்த நாள்ல இருந்து அந்தக் கார் ஒரு அங்குலம்கூட அசையல.”

பெரிய சில்லு ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மெர்ல் வீட்டுக்குப் போனேன். லவோன் குழாயோடு வாசலில் நின்றிருந்தாள். வெளிறிய இடத்தின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். சளப் சளப் என்று சாதாரணச் சத்தம். குழிகள் நிறைந்து வழிந்தன.

“இப்ப விழுது, டுவேன்” என்றாள்.

நான் மண்டி போட்டு, ஓரம் பெயர்ந்த குழியில் அந்தச் சில்லை வைத்தேன். மூடி போட்டாற்போலப் பொருந்தியது. “டெரெக் கார் டயர்ல ஒட்டிக்கிட்டு இருந்தது” என்றேன்.

மெர்ல் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தான்.

“அப்ப... அவன் ஓடிப் போகலயா? தினமும் வீட்டுக்கு வந்துக்கிட்டுதான் இருந்தானா?”

லவோன் குழாயை வலது பக்கம் திருப்பினாள். தண்ணீர் சமமாக ஓடி, இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி நனைந்தது.