மாமாவின் பெயர் இல்லாத படிவம்

யாராவது ஒன்றைப் பிழையாகச் சொன்னால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இன்றைக்கும் அப்படித்தான், எங்கள் வீட்டில் கேட்டால் ஒரு பாட்டம் சொல்வார்கள். பதினொரு வயதில் அது இன்னும் மோசம். சரி என்று ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் என்னிடம்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு திரிந்தேன்.

அது எண்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் ஐந்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து லண்டனில் ஒவ்வொரு கோடையிலும் கூடைப்பந்துப் போட்டி நடத்துவார்கள். மோர்டனில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுப்பார்கள். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் கடைசிவரை ஆட்டம் நடக்கும். முடிவில் ஐந்து விருதுகள்: சிறந்த வீரர், கூடுதல் புள்ளி எடுத்தவர், சிறந்த தடுப்பாட்டக்காரர், சிறந்த புதுமுகம், ஒழுக்கம். ஒழுக்கத்துக்கான விருது வழக்கமாக ஆட இறங்காமல் வாங்குப் பலகையில் குந்தியிருந்தே கோடையைக் கழித்தவருக்குப் போகும்.

ஆனால் ஆட்டங்களைவிடச் சனம் ஆவலாகக் காத்திருந்தது முதல் நாள் காலைக்குத்தான். சங்கத்தின் செயலாளர் ஊரில் வாத்தியாராக இருந்தவர், எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவர் 'ஊகப் படிவம்' என்று ஒரு தாள் அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார். சனம் அதை இங்கிலீஷில் போம் என்றுதான் சொல்லும். போட்டி தொடங்குமுன்னமே ஐந்து விருதும் யார் யாருக்குக் கிடைக்கும் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கவேண்டும். முதல் ஆட்டத்துக்கு முன் மாஸ்டர் உறைகளைக் கிழித்து, இன்ன வீட்டுப் போம் என்று சொல்லி, ஒவ்வொன்றாக ஒலிவாங்கியில் வாசிப்பார். ஒரே சிரிப்பும் பகிடியுமாக இருக்கும். ஆகஸ்டில், கூடுதலாகச் சரியாகச் சொன்ன வீட்டுக்கு ஒரு சின்னக் கிண்ணம் கொடுப்பார்கள்.

அந்தப் போமை எங்கள் சனம் நிரப்புகிற விதத்தைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லண்டனில் யார் நன்றாக விளையாடுகிறார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஊரில் யார் நன்றாக விளையாடினார் என்பதுதான் கணக்கு. பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் ஷிப்டாக நின்று வயிறு வைத்துவிட்ட ஒரு அண்ணையை, பத்து வருடத்துக்கு முன் கடைசி நிமிடத்தில் அவர் போட்ட ஒரே ஒரு கூடைக்காக, இன்னமும் சிறந்த வீரர் என்று எழுதுவார்கள். நானோ ஈஸ்டர் விடுமுறையிலிருந்து ஒரு பயிற்சி விடாமல் அப்பாவோடு போய், யார் எத்தனை எறிந்து எத்தனை விழுத்தினார் என்று கொப்பியில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தேன். ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்து விளையாடிய ஒரு அண்ணை, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், எல்லோரையும்விட எங்கேயோ உயரத்தில் நின்றார். அவர் ஊரில் பள்ளிக்கூட அணியிலேயே இருந்ததில்லை. ஆகவே ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

அந்த வருடம் மாசி மாதம்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் அவர் விளையாடினால் சைக்கிள்கள் மதிலோரம் முழுக்கச் சாத்தியிருக்கும் என்று அப்பாவே சொல்வார். அப்பா ஒருவரையும் லேசில் புகழுகிறவர் அல்ல. வருவதற்கு முன் எட்டு மாதம் மாமாவிடமிருந்து கடிதமே இல்லை. அம்மா அந்த எட்டு மாதமும் சரியாகச் சாப்பிடவில்லை. வந்தபிறகு மாமா, தான் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்ததாகவும் தபால் ஒழுங்காகப் போகவில்லை என்றும் சொன்னார். அம்மா அதை நம்பினார். நம்பியபிறகுதான் அவருக்கு முகத்தில் கொஞ்சம் தசை பிடித்தது.

மாமாவுக்கு வேலைசெய்ய இன்னும் அனுமதி வரவில்லை. அதனால் என்னைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவது அவர் பொறுப்பு. வரும் வழியில் ஒரு பூங்கா. அதில் வலை இல்லாத ஒரு வளையம். ஒருவரும் இல்லாவிட்டால் மாமா பந்தைத் தட்டிக் காட்டுவார். பந்து அவர் கையை விட்டுப் போகாது. ஆனால் எறியமாட்டார். ஒரு நாள் நான் விடாமல் நச்சரிக்க, வலது கையை உயர்த்தப் போனார். கை தோள்வரைதான் வந்தது. அதற்குமேல் போகவில்லை. பிறகு இடது கையால் எறிந்து, அதுவும் வளையத்தில் படாமல், சிரித்தார்.

"கைக்கு என்ன மாமா?"

"குளிருக்குப் பிடிச்சிட்டுது பிள்ளை. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. சும்மா கவலைப்படுவா."

மே மாதக் கடைசியில் என்ன குளிர் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சத்தியம் பண்ணினேன். ஆனால் அதன்பிறகு எல்லாம் என் கண்ணில் பட்டது. மேல் தட்டிலிருக்கும் தேயிலைப் பேணியை எடுக்க என்னைக் கதிரையில் ஏற்றிவிடுவார். சேர்ட்டுக்குள் முதலில் வலது கையைத்தான் விடுவார். சீப்பால் தலை இழுப்பது இடது கையால். பழைய மாணவர்கள் வீட்டுக்கு வந்து, நீ விளையாடாமல் எங்களுக்கு என்ன போட்டி என்று கையைப் பிடித்து இழுத்தபோது, மாமாவால் மறுக்கவும் முடியவில்லை. பயிற்சிக்குக் கூப்பிட்டால் காய்ச்சல் என்றார், தலையிடி என்றார். "முதல் மாட்சுக்கு வாறன்" என்று மட்டும் சொன்னார்.

அப்பா போமை என்னிடம் தந்துவிட்டார். "நீதானே கொப்பி வைச்சிருக்கிறாய். நீயே நிரப்பு." அம்மா கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே, "மாமான்ரை பேரை வடிவா எழுது, மாஸ்டர் தடக்குப்படாமல் வாசிக்கவேணும்" என்றார். வேறு பெயர் எழுதலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

நான் ஹவுன்ஸ்லோ அண்ணையின் பெயரை எழுதினேன். மற்ற நான்கு பெட்டிகளிலும் கொப்பி சொன்ன பெயர்களை எழுதினேன். மாமாவின் பெயர் ஒன்றிலும் இல்லை. சத்தியத்தை மீறவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன். மாமாவைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. பச்சைப் பொய். எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டியிருந்தது.

முதல் நாள் மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆண்கள் வாங்குகளிலும் பெண்கள் கதிரைகளிலும் இருக்க, பற்றிஸ் பலகாரமும் தேநீரும் சுற்றி வந்தன. மாமா, தான் ஊரில் படித்த பள்ளிக்கூடத்தின் அணிச் சீருடை போட்டு, மாஸ்டரின் மேசைக்குப் பக்கத்திலிருந்த வாங்கில், வலது முழங்கையை இடது கையால் பிடித்தபடி இருந்தார். மாஸ்டர் வாசிக்கத் தொடங்கினார். சிறந்த வீரர்: மாமா. அடுத்த வீடு: மாமா. எங்களோடு ஜென்மப் பகை என்று சொல்லிக்கொள்கிற பள்ளிக்கூடத்துக்காரர் வீட்டிலும் மாமா. ஒவ்வொரு முறையும் கைதட்டல். அம்மா என் பக்கத்தில் இருந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடியே இருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு எங்கள் உறை. மாஸ்டர் வாய் திறந்து, நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"இது உங்கடை வீட்டுப் போம்தானே?" என்று ஒலிவாங்கியிலேயே அப்பாவைக் கேட்டார். பெயரை வாசித்தார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. "தமக்கையே தம்பிக்குப் போடேல்லையோ!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னடி எழுதினனி?"

"சரியைத்தான் எழுதினனான்."

அது மாஸ்டருக்குக் கேட்டுவிட்டது. அவருக்கு நல்ல பகிடி கிடைத்த சந்தோஷம். "இஞ்சை வா பிள்ளை. மாமாவுக்கு ஏன் போடேல்லை? எல்லாருக்கும் சொல்லு பாப்பம்" என்று கூப்பிட்டு, ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மிக மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் அதைக் கண்டேன். கண்டும் சொன்னேன். நூறு பேர் என்னைப் பிழை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்; அதை என்னால் தாங்க முடியவில்லை.

"மாமாவாலை வலது கையைத் தூக்க ஏலாது."

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். எங்கள் அணிக்காரர் ஒருவர், "டேய், மருமகளுக்கு ஒருக்காத் தூக்கிக் காட்டடாப்பா" என்றார். மாமா எழுந்து நின்றார். சிரித்தபடி இடது கையைத் தூக்கினார். "மற்றக் கை, மற்றக் கை!" என்று கத்தினார்கள். வலது கை நெஞ்சுக்கு வந்தது. தோளுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, ஆனால் முகத்திலிருந்த சிரிப்பை மட்டும் அவர் விடவில்லை.

"குளிருக்குப் பிடிச்சிட்டுது" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹவுன்ஸ்லோ அண்ணை பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். இராணுவ முகாமில் ஒருவனைக் கையைப் பின்னால் கட்டித் தூக்கினால் தோள் அப்படித்தான் ஆகும் என்று அங்கே இருந்த ஆண்களில் பாதிப்பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அம்மா எழுந்தார். செருப்போடு நடக்கக்கூடாத ஆடுகளத்துக்குள் செருப்போடு நடந்துபோய், மாமாவின் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார்.

"எட்டு மாசமும் அங்கையோ இருந்தனி?"

"ஓம் அக்கா."

அங்கை என்றால் எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. மாஸ்டர் மிச்ச உறைகளைக் கிழிக்காமலே பெட்டிக்குள் வைத்து மூடினார்.

நாங்கள் ஆட்டம் பார்க்கவில்லை. அம்மாவும் மாமாவும் முன்னால் நடந்தார்கள். அம்மா அவருடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நானும் அப்பாவும் பின்னால். இப்போது ஏச்சு விழும், இப்போது விழும் என்று வீடுவரை பயந்துகொண்டே வந்தேன். விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. பிறகு கண் வீங்க வெளியே வந்து, எனக்குத்தான் முதலில் சோறு போட்டார். யாரும் ஒரு சொல் ஏசவில்லை. நான் சொன்னது சரிதானே, அதனால்தான் ஏசவில்லை என்று நினைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

மாமா அந்த நாளுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தாராம். பல வருடம் கழித்து, சவுத்தாலில் அவர் தனியாக எடுத்திருந்த அறையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடி எனக்குச் சொன்னார். ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடம் கால் பிரண்டதுபோல விழுவது. விழுந்தால் அந்தக் கோடை முழுக்க ஒருவரும் பந்தைத் தொடச் சொல்லமாட்டார்கள். அக்கா காலுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுவா, தோளைப் பார்க்கமாட்டா. பூங்காவில் நான் இல்லாத நேரங்களில் விழுந்து விழுந்து பழகினாராம். "இன்னும் பத்து நிமிசம் நீ வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அம்மா தன் சாவுவரைக்கும் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. அந்த நித்திரையைத்தான் மாமா காவல் காத்தார். நான் ஒரு கிண்ணத்துக்காக அதைக் கெடுத்தேன்.

கிண்ணம் எனக்கே கிடைத்தது. அந்த வருடம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஹவுன்ஸ்லோ அண்ணைதான் சிறந்த வீரர். என் ஐந்து பெயரில் நான்கு சரி. மாஸ்டர் எங்கள் வீட்டைக் கூப்பிட்டபோது கைதட்டல் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நான் மேடைக்கு ஓடினேன். கீழே ஐந்தாவது வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார், பக்கத்தில் மாமா. அம்மாவுக்குக் கிண்ணம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, என் தலைக்குமேல், எவ்வளவு உயரத்துக்கு ஏலுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றேன்.