கூரை நீர் விழும் சுவரடி

நடுக்கோடையிலும் அந்தச் சுவர் குளிர்ந்துதான் இருக்கும். கன்னத்தை வைத்தால் ஈரச் சுண்ணாம்பு மணக்கும், கையை எடுத்தால் உள்ளங்கை வெள்ளையாகிவிடும், அதை நான் சட்டையில் துடைத்துவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன். நோர்வேயின் அம்மருட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், வயல் நடுவே ஒரு மேட்டில் நின்ற அந்தப் பழைய கல் தேவாலயத்தை, யாழ்ப்பாணத்தில் சொல்வதைப் போலவே, "வேதக்கோயில்" என்றுதான் அம்மா சொல்வார். சைவக் குடும்பமான நாங்கள் கிழமைதோறும் அங்கே போனதற்குக் காரணம் என் தம்பி. உயிரில்லாமல் பிறந்த அவனை அதன் பின்புறத்து இடுகாட்டில் புதைத்திருந்தோம். பச்சைக் குழந்தைகளை நாங்கள் எரிப்பதில்லை.

அப்பா வேலைக்குப் போய்விடுவார். நானும் அம்மாவும்தான் போவோம். முதலில் கோயிலுக்குள் ஒரு சுற்று. வாசலை ஒட்டிய சிறு மண்டபத்தை நோர்வேக்காரர் "ஆயுத வீடு" என்பார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் வழிபட வந்த ஆண்கள் வாளையும் கோடரியையும் அங்கே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். அம்மாவோ உறைபனிக் காலத்திலும் "சப்பாத்தை" அங்கே கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போவார். அதைப் பார்த்து, ஏதோ விதியாக்கும் என்று பயந்து சுற்றுலாப் பயணிகள் தாங்களும் கழற்றியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். உள்ளே, ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம் போன்ற தடிப்பில் சுவர்கள், அரைவட்ட வளைவுகள், கத்தோலிக்கத்திலிருந்து சீர்திருத்தச் சபைக்கு மாறிய காலத்தில் வெள்ளையடித்து மூடிய ஓவியங்கள். ஜன்னல்கள் தெற்கே மட்டும்தான் இருந்தன. வடக்கிலிருந்து கேடு வரும் என்று பயந்து அந்தப் பக்கத்தை மூடிக் கட்டியவர்கள், பெண்களை அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தினார்களாம்.

"எந்த ஊரிலையும் இருட்டு மூலை எங்களுக்குத்தான்" என்பார் அம்மா.

பிறகு தம்பியிடம் போவோம். ஒரு போத்தலில் கொண்டுவந்த பாலை அம்மா அவன் குழிமேல் ஊற்றுவார். பால் குடிக்காமலே போன பிள்ளைக்கு அதையும் ஊற்றாமல் எப்படி இருப்பது என்பது அவருடைய நியாயம். பால் வாசத்துக்கு இந்த நாட்டில் நரி வரும் என்பதை யார் யோசித்தார்கள்? ஓர் இலையுதிர்காலத்தில் நாங்கள் போனபோது குழியின் மேல்மண் கிளறப்பட்டு, பூச்செடி சரிந்து கிடந்தது. அம்மா முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மூடினார். அந்த நேரம் பார்த்துக் கோயிலைப் பராமரிக்கும் மனிதர், அம்மா "மணியகாரர்" என்று பெயர் வைத்திருந்தவர், மண்வெட்டியோடு வந்தார்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "பிள்ளையை எடுக்கப் போயினமோ? ஞானஸ்நானம் குடுக்காத பிள்ளையெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். கேள், கெதியாக் கேள்!"

பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்பதை அம்மா அதுவரை ஒளித்தே வைத்திருந்தார். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது, ஆனாலும் நோர்வேஜிய மொழியில் கேட்டேன். மனிதர் திகைத்துப் போனார். நரி தோண்டியதை மூடத்தான் வந்தாராம். பால் மட்டும் வேண்டாம், பூ கொண்டுவாருங்கள் என்றார். அத்தோடு விடாமல், மழை தூறத் தூற எங்களை வடக்குச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். செங்குத்தான அந்தப் பலகைக் கூரைக்கு அப்போது மழைநீரை ஏந்தி வழிக்கும் "பீலி" கிடையாது. தண்ணீர் நேரே சுவரடியில் விழுந்து மண்ணில் ஒரு கோடு போட்டிருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளுக்கு முற்காலத்தில் இடுகாட்டில் இடமில்லையாம். தாய்மார் ஒளித்துக் கொண்டுவந்து இந்தக் கூரை விளிம்பின் கீழே புதைத்தார்களாம், கோயில் கூரையில் பட்டு விழும் தண்ணீரே தங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகட்டும் என்று. சுவரைத் திருத்தியபோது வந்த சிறிய எலும்புகளை யாரும் அப்புறப்படுத்தவில்லை, அப்படியே மூடிவிட்டார்கள். இவர்களையே எடுக்காதவர்கள் உங்கள் மகனையா எடுக்கப் போகிறார்கள் என்று அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

"அவையளும் ஒளிச்சே கொண்டந்தவை?" என்று கேட்டுவிட்டு, கூரை நீரின் கீழே கையை நீட்டியபடி அம்மா வாய்விட்டு அழுதார். தம்பியைப் புதைத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இப்போது அந்தக் கூரைக்குப் பீலி பூட்டிவிட்டார்கள், மழைநீர் குழாய்க்குள் போய்விடுகிறது. மணியகாரரும் இல்லை. இங்கே ஒரு குழியைக் குறித்த காலத்துக்குத்தான் வைத்திருக்கலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். காலம் முடிகிறது என்று இடுகாட்டு அலுவலகத்தார் தொலைபேசியில் சொன்னபோது நான் புதுப்பிக்கத்தான் நினைத்தேன். அம்மா தடுத்துவிட்டார். "விடு பிள்ளை. அவன் இஞ்சத்தை மண்ணாப் போயிட்டான். இனி ஆரும் ஒரு தாய் பிள்ளையோட வந்து நிப்பாள், அவளுக்குக் குடுக்கட்டும்."

இந்த வசந்தத்தில் போனோம். தம்பி இருந்த இடத்தில் சின்னதாக ஒரு புதுக்கல். அம்மா கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, பெயரை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தன் பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கிடைக்காத என் அம்மா, வாய்க்குள் புரளாத அந்த நோர்வேஜியப் பெயரை மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்ல பேர்" என்றார்.