பச்சை இலையில் அறுவடை

மனோஜ்குமார் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டாலே அன்புச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்து வியட்நாம்காரர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் வகுப்பு விற்கிற முதலாளி அவன். மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடி என்று தெரிந்திருந்தாலே பெரிய விஷயம்.

அன்புச்செல்வி அங்கே டீச்சர். ‘ஹார்வெஸ்ட்’ என்ற ஒரே சொல்லுக்குப் பதினோரு நாள் உட்கார்ந்து பாடம் எழுதினாள். அறுப்பதும் ஹார்வெஸ்ட், அறுத்து வந்த விளைச்சலும் ஹார்வெஸ்ட், அறுக்கிற பருவமும் அதுதான். மழைநீரைச் சேமிப்பதும், ஊரார் செல்போனிலிருந்து விவரங்களை உருவிச் சேர்ப்பதும்கூட அதுதான். பாடம் வெளிவந்தபோது மேலே ‘ஆக்கம்: மனோஜ்குமார்’ என்று இருந்தது. கூடவே அவன் போட்டோ. ஈரோட்டுப் பக்கம் அவர்கள் குடும்பத்து மஞ்சள் தோட்டத்தில், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத அரிவாளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏனுங்க சார், எழுதுனது நானுங்க. எம் பேரு வரலீங்களே?”

“உம் பேரப் பாத்துத்தான் வியட்நாம்காரன் படிக்கப் போறானாக்கும்? உடு அம்மணி.”

அவளால் விட முடியவில்லை. அவள் கேட்டது அந்த ஒரு வரிதான்.

முதல் வகுப்புக்கு அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான், பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள. திரையில் இருபது பேர். அதில் மஞ்சள் பயிரிடுகிற ஹோவா என்ற பெண் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“இலை இன்னும் பச்சையாக இருக்கிறதே, அதற்குள் ஏன் அறுக்கிறார்?”

இருபது பேரும் சிரித்தார்கள். மனோஜ்குமாருக்கு முகம் செத்துவிட்டது.

“இந்தப் பாடத்தை எழுதியது அன்புச்செல்வி” என்று அவசரமாக இங்கிலீஷில் சொன்னான்.

கேட்டபோது கொடுக்காத பேரை, பழி வந்ததும் தூக்கிக் கொடுத்துவிட்டான். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷன்!

அவள் அதைக் கீழே விடவில்லை. “ஆமாம், பாடம் முழுக்க நான் எழுதியது. போட்டோ மட்டும் சாருடையது. மஞ்சளுக்கு இலை காய்ந்து சாய வேண்டும், அப்புறம்தான் கிழங்கு வெட்ட வேண்டும்” என்றாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் ஹோவா.

“நானும் என் அம்மாவும் நாலு வருஷம் கூலிக்கு மஞ்சள் வெட்டியிருக்கிறோம்.”

“எங்கே?”

அன்புச்செல்வி போட்டோவைத் திரை நிறையப் பெரிதாக்கினாள்.

“இந்தத் தோட்டத்தில்தான்.”